ஆறு மூட்டைக்கு ஒரு பணிஸ்

அழகரின் அன்றைய முதல் சண்டை இடுப்புப் பெல்ட்டோடு நடந்தது. லுங்கி மாதிரிச் சுற்றுகிற சாரத்துக்கு மேலே கட்டுகிற அகலமான பச்சைப் பெல்ட். இரண்டு வருடத்துக்கு முன்பு மருதானையில் வாங்கியது. வாங்கியபோது முதல் ஓட்டையிலேயே கச்சிதமாக நின்றது, இப்போது கடைசி ஓட்டையிலும் நிற்காமல் வழுகியது. மனைவி பழனியம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் போடுகிற நாலாவது ஓட்டை.

தோல் என்று சொல்லி ரப்பரை விற்றுவிட்டான் பாவி என்று அழகர் திட்டினார். இதே திட்டைப் பழனியம்மா மூன்று ஓட்டைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருடம் அழகர் சும்மா விடாமல் மருதானைக்கே நடந்து போய்க் கடைக்காரனிடம் நியாயம் கேட்டார். கடைக்காரன் பொறுமையான ஆள். புதுப் பெல்ட் ஒன்றை எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினான். இரண்டும் ஒரே நீளம். அழகர் அசரவில்லை. புதியதையும் இழுத்து நீட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சந்துக்குள் சந்தாகப் போனால் வருகிற ஓர் அறைதான் வீடு. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பழனியம்மா வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கப் போகிறாள். பேக்கரியிலிருந்து ஒரு றாத்தல் பாண் ஏழு மணிக்கு வரும், அது மூன்று பேருக்குச் சரி. அழகர் ஆறு மணிக்கே போய்விடுவார். அவர் பாணுக்குக் காத்திருந்தால் வண்டியின் முதல் நடை போய்விடும். முதல் நடை போனால் அன்றைக்கு நாலு நடை கிடைக்காது. ஆகவே வெறும் வயிற்றோடு போவதுதான் வழக்கம், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அழகர் குறை சொல்லுவார். குறை சொல்லாமல் அவருக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடத் தெரியாது.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் கொழும்புக்கு இறங்கினார். பழைய சோனகத் தெருவில், ஸாலிஹ் ஹாஜியாரின் அரிசி மொத்தக் கடையில் கரத்தை இழுக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடமாகிவிட்டது. இரண்டு சக்கரம், ஒரு பலகைத் தட்டு, முன்னால் இரண்டு கைப்பிடி, நடுவில் அழகர். அவ்வளவுதான் வண்டி.

பொலன்னறுவையிலிருந்து வருகிற லொறிகள் விடியற்காலையில் அரிசியைக் கடை வாசலில் கொட்டிவிட்டுப் போகும். முன்பெல்லாம் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு உள்ளதை அதே லொறிகளே கொண்டு போய்ப் போடும். சந்துக்குள் லொறி நுழையாத இடத்துக்குத்தான் கரத்தை. ஜனவரியில் கோட்டையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் பகலில் லொறியைக் கண்டாலே ஆமிக்காரர்களுக்குப் பதற்றம் வந்தது. ஒரு நாள் விடுவார்கள், ஒன்பது நாள் திருப்பி அனுப்புவார்கள். இருநூறு கிலோமீற்றர் ஓடி வந்த அரிசி, கடைசி ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அழகரின் தோளை நம்பி நின்றது.

ஹாஜியாருக்கு இதில் ஒரு சந்தோசம்கூட வந்துவிட்டது. உன்னுடைய கரத்தைக்கு டீசல் வேண்டாம் அழகர், அது அல்லாஹ் தந்த பரகத் என்று தெருவில் போகிறவர்கள் கேட்கும்படி சொல்லுவார். அந்தப் பேச்சைக் கேட்டாலே அழகருக்கு உச்சி மயிர் நிற்கும். ஏனென்றால் லொறி புறப்படும்போது நடக்கிறதை அவர் தினமும் பார்க்கிறார். டாங்க் நிரம்பாமல் ஒரு லொறியும் அந்தத் தெருவை விட்டு அசையாது. பெற்றோல் செட்டுக்குத் துண்டு எழுதிக் கொடுத்து, ஆளை அனுப்பி, நிரப்பிவிட்டார்களா என்று ஹாஜியாரே எட்டிப் பார்ப்பார். கரத்தைக்காரனுக்கு மட்டும் முறை வேறு. முதல் நடைக்கு முன் பால் இல்லாத ஒரு பிளேன்டீ, உள்ளங்கை அகலத்தில் பேக்கரிப் பணிஸ் ஒன்று. கூலி கடைசி நடை முடிந்த பிறகு. அதற்குப் பிறகு சோறு. அந்தத் தெருவின் எழுதாத சட்டம் அது. அழகருக்கு மத்தியானச் சோறு கிடைக்க இரண்டு மணி, இரண்டரை ஆகும்.

காலையில் வயிறாரச் சாப்பாடு வேண்டும் என்று மூன்று தடவை ஹாஜியாரிடம் கேட்டாயிற்று. முதல் தடவை ஹாஜியார் சிரித்தார். இரண்டாம் தடவை, உனக்குக் கொடுத்தால் தெருவில் மூட்டை தூக்குகிற அத்தனை நாட்டாமைகளும் வந்து இலை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்றார். மூன்றாம் தடவை பரகத் கதையைத் தொடங்கினார். நாலாம் தடவை கேட்க வேண்டும் என்று அழகர் ஒரு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கேட்டு, இல்லை என்றால் கரத்தையைத் தெருவிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பழனியம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தார். போனால் எங்கே போவது என்று பழனியம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

புது ஓட்டையில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அன்று கடைக்குப் போனபோது, ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் இருந்தாள். தலையில் முக்காடு, காலில் வெள்ளைச் சப்பாத்து, மடியில் கிளிப் போட்ட அட்டை. பெயர் பஹ்மியா. வெள்ளவத்தையில் வீடு, ஹாஜியாருக்குத் தெரிந்த குடும்பம். ஏதோ ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. நாட்டுக்குள்ளே விளைகிற சாப்பாடு அடுப்படிக்கு வந்து சேரும்வரைக்கும் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கணக்கெடுக்கிறாளாம். பொலன்னறுவையிலிருந்து லொறியிலேயே கூட வந்துவிட்டாளாம். இனிக் கொட்டாஞ்சேனை வரைக்கும் கரத்தையோடு நடந்து வரப் போகிறாள் என்று ஹாஜியார் சொன்னார்.

அழகருக்கு வந்ததே எரிச்சல். போகிற வழி சும்மாவே மேடு. மூச்சு வாங்குகிற நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு வேறு பதில் சொல்ல வேண்டுமா என்று நினைத்தார். ஆனால் ஹாஜியாரின் ஆள், வாயைத் திறக்க முடியாது. பணிசை இரண்டு கடியில் முடித்து, பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு, ஆறு மூட்டையையும் ஏற்றிக் கயிறு போட்டார். மூட்டைக்கு ஐம்பது கிலோ.

முதல் பத்து நிமிடம் பஹ்மியா குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தாள். நடக்க நடக்க எழுதினாள். சக்கரத்தின் குறுக்களவு கேட்டாள். ரோட்டில் பள்ளம் எத்தனை என்று கேட்டாள். ரோட்டில் பள்ளம் இல்லை மிஸ், பள்ளத்துக்கு நடுவிலேதான் கொஞ்சம் ரோடு இருக்கு என்று அழகர் சொன்னார். அதையும் எழுதினாள்.

ஜிந்துப்பிட்டிக்குத் திரும்புகிற முனையில் சோதனைச் சாவடி. அங்கே நடப்பது தினமும் ஒன்றுதான். ஆறு மூட்டையையும் இறக்க வேண்டும். ஆமிக்காரன் ஒவ்வொன்றிலும் நீளக் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பான். கம்பி போன ஓட்டையால் அரிசி ஒழுகும், அதைக் கையால் பொத்திக்கொண்டே திரும்ப ஏற்ற வேண்டும். காலையில் ஏற்றியது ஒரு தடவை, இங்கே இறக்கி ஏற்றுவது ஒரு தடவை, மேட்டுக்கு அங்கால் இன்னொரு சாவடியில் இன்னொரு தடவை. அரிசி பொலன்னறுவையிலிருந்து வந்த களைப்பைவிட இந்த ஒன்றரைக் கிலோமீற்றரில் அதிகம் களைத்திருக்கும்.

அழகர் நாலாவது மூட்டையை இறக்கும்போது, பஹ்மியா கைக்கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் எழுதினாள். ஆமிக்காரன் அதைப் பார்த்தான்.

அட்டையைக் கேட்டு வாங்கினான். புரட்டினான். அதில் பழைய சோனகத் தெருவிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் ரோட்டுப் படம் ஒன்று அழகாகக் கீறியிருந்தது. சாவடி வருகிற இரண்டு இடத்திலும் சிவப்புப் பேனாவால் வட்டம். பக்கத்தில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று ஒரு கோடு. யுத்தம் நடக்கிற ஊரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், சாவடிக்கு வட்டம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். படித்த பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி ஒரு பிழை விடத் தெரியும். அழகருடைய அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். ஆமிக்காரன் படத்தைப் பார்த்த கண்ணோடு நேரே அவரைத்தான் பார்த்தான்.

பஹ்மியா சிங்களத்தில் விளக்கம் சொன்னாள். நல்ல சிங்களம்தான், ஆனால் விளக்கம்தான் யாருக்கும் விளங்கவில்லை. அரிசி வருகிற வழியில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் எதற்குச் சாவடியை எண்ண வேண்டும்? சார்ஜன்ட் வந்தார். அடையாள அட்டை இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். அலுவலகத்து நம்பருக்குப் போன் எடுக்கச் சொன்னார். அங்கே யாரும் எடுக்கவில்லை. மணல் மூட்டைக்குப் பக்கத்தில் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது மணி வெயில். கரத்தை ஒரு பக்கம், மூட்டைகள் ஒரு பக்கம். இரண்டாவது நடை போய்விட்டது என்று அழகருக்குத் தெரிந்தது. மூன்றாவதும் போகும். பஹ்மியா குடையை அவர் பக்கம் சரித்துப் பிடித்தாள். அவர் விலகி வெயிலில் உட்கார்ந்தார். அவளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்தப் பேப்பர்ல என்னைப் பத்தி என்ன மிஸ் எழுதியிருக்கீங்க?"

கிளிப் அட்டை சார்ஜன்டிடம் இருந்தது, ஆனால் எழுதியது அவளுக்கு நினைவிருந்தது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வாகனம், கைக்கரத்தை. எரிபொருள், இல்லை. லீட்டர் என்ற கட்டத்தில் பூச்சியம்.

"பூச்சியமா?"

"டீசல் இல்லைதானே அண்ணன். அதால பூச்சியம்."

"அப்ப நான் எதுல ஓடுறேன்?"

லொறிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று அழகர் விடாமல் கேட்டார். லொறிக்கு அறுபது லீட்டர். நூற்றறுபது மூட்டைக்கு அறுபது லீட்டர் என்றால், இந்த ஆறு மூட்டைக்கு உள்ள பங்கு இரண்டேகால் லீட்டர் என்று அவள் விரலை மடக்கிச் சொன்னாள். மூன்று சாராயப் போத்தலுக்குள் அடங்கிவிடும். பொலன்னறுவையிலிருந்து கொழும்புக்கு மூன்று போத்தல். இங்கிருந்து மேட்டுக்குப் பூச்சியம். அழகருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஹாஜியார் வாயால் சொன்னதை இவள் எழுத்திலேயே எழுதி வைத்துவிட்டாள், இனி நாடு முழுக்க அதுதான் கதை.

பஹ்மியா கைப்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள். அவளுக்கும் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். சாப்பாட்டுக்கும் டீசல் மாதிரி ஓர் அளவு இருக்கிறது, அதைக் கலோரி என்று சொல்லுவார்கள், அதைப் போட்டால் பூச்சியத்தை வெட்டிவிடலாம் என்றாள்.

அழகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூச்சியத்தை வெட்டுவது என்றால் சும்மாவா. காலையில் பிளேன்டீ, பணிஸ். பத்து மணிக்கு இன்னொரு பிளேன்டீ. மத்தியானம் சோற்றுப் பார்சல் ஒன்று. இரவில் ரொட்டி, சம்பல், ஒரு முட்டை. அவள் எழுதிக்கொண்டு போனாள். அழகர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"முட்டைய வெட்டிருங்க மிஸ். அது தீபாவளிக்குச் சாப்பிட்டது."

அவள் தலையைத் தூக்காமல் வெட்டினாள். பிறகு நடை எத்தனை, மூட்டையை ஏற்றி இறக்குவது எத்தனை தரம், மேடு எவ்வளவு என்று கேட்டு மறுபக்கம் எழுதினாள். கூட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். திரும்பவும் முதலிலிருந்து கூட்டினாள். இதைக்கூட ஒழுங்காகக் கூட்டத் தெரியாதா என்று அழகர் பல்லைக் கடித்தார்.

"கணக்குச் சரி வரல்ல அண்ணன்," என்றாள். "நீங்க சாப்பிடுறது முக்கால் பங்கு வேலைக்குத்தான் காணும். மிச்சக் கால் பங்கு எங்கேருந்து வருதுண்டு எனக்கு விளங்கல்ல."

எங்கிருந்து வரும், முருகன் தருகிறான் என்று சொல்ல அழகர் வாயைத் திறந்தார். எழுந்து நின்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று எழுந்தார். சாரம் வழுகியது. கை தானாக இடுப்புக்குப் போய்ப் பெல்ட்டைப் பிடித்தது. ஆணியால் சுட்ட ஓட்டைகள் விரலில் தட்டுப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அவர் ஓட்டைகளை இன்னொரு தரம் எண்ணினார். மருதானைக் கடைக்காரன் இரண்டு பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டியது கண் முன்னே வந்தது. இரண்டும் ஒரே நீளம். பாவம் அந்த மனுசன், எத்தனை திட்டு வாங்கியிருப்பான். பெல்ட் நீளவில்லை. இரண்டு வருடமாக அது வாங்கினபடியேதான் இருந்திருக்கிறது. அழகருக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்காத பயம் அது.

"விளங்கிச்சா அண்ணன்?" என்று பஹ்மியா மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு விளங்கிருச்சு. நீங்க எழுதிக்கங்க," என்றார் அழகர்.

பதினொரு மணிக்குச் சார்ஜன்ட் வந்தார். போனில் யாரோ கிடைத்திருக்க வேண்டும். ரோட்டுப் படம் இருந்த தாளை மட்டும் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றதையும் அடையாள அட்டைகளையும் திருப்பிக் கொடுத்தார். மகளே, இனி அரிசியை வீட்டில் வைத்தே எண்ணு என்று சிங்களத்தில் சொன்னார். அழகர் ஆறு மூட்டையையும் மறுபடியும் ஏற்றினார். விவேகானந்தா மேட்டில் பஹ்மியா குடையை மடக்கி மூட்டையில் செருகிவிட்டுப் பின்னாலிருந்து கரத்தையைத் தள்ளினாள். பெரிதாக ஒன்றும் உதவவில்லை. ஆனால் தள்ளினாள்.

கொட்டாஞ்சேனைக் கடையில் முதலாளி இராஜநாயகம் வாசலிலேயே நின்றார். யாழ்ப்பாணத்து மனுசர், நேரம் தவறினால் பொறுக்க மாட்டார். ஏழரைக்கு வரவேண்டிய அரிசி பன்னிரண்டுக்கு வருகிறது, சனம் எல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டது என்று பொரிந்து தள்ளினார். வழக்கமாக என்றால் அழகரும் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடுத்தார். ஆறாவதை எடுத்த பிறகு தாமே தராசில் ஏறி நின்றார்.

இராஜநாயகம் திட்டுவதை நிறுத்திவிட்டு முள்ளைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"நாற்பத்தாறு," என்றார். "என்னடாப்பா அழகர், நீ ஒரு மூட்டையும் இல்லையே."

அன்றைக்கு இரண்டு நடையோடு வேலை முடிந்தது. வீட்டில் இரவு பெல்ட்டைக் கழற்றி மாட்டும்போது, பெல்ட் நீளவில்லை, இளைத்தது தன் இடுப்புத்தான் என்று பழனியம்மாவுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். பழனியம்மா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, மூணாவது ஓட்டை போடுறப்பவே தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அழகர் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் அவளையும் திட்டியிருப்பார். தனக்கு வைத்த ரொட்டியில் பாதியை அவள் அவருடைய தட்டில் போட்டாள். அவர் அதைத் திருப்பி அவளுடைய தட்டில் போட்டார்.

மறுநாள் காலை நாலாம் தடவை கேட்பது என்ற முடிவோடுதான் அழகர் கடைக்குப் போனார். கேட்க வேண்டி வரவில்லை. உட்காருகிற வாங்குப் பலகையில் தாள் விரித்து, அரை றாத்தல் பாண், கிண்ணத்தில் பருப்பு, தேங்காய்ச் சம்பல், இரண்டு வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை. பக்கத்தில் சீனி போட்ட தேத்தண்ணீர். ஹாஜியார் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. பஹ்மியா முந்தின நாள் பின்னேரம் வந்து தாளைக் காட்டிக் கணக்கை விளக்கிவிட்டுப் போனாளாம்.

அழகர் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் வைக்கும்போதுதான் கரத்தையைப் பார்த்தார். நாட்டாமை ஒருவன் மூட்டை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மூட்டைகள் ஏழு இருந்தன.

ஹாஜியார் அவருடைய பார்வை போன இடத்தைக் கண்டுகொண்டார்.

"அந்தப் புள்ளட கணக்குத்தான்," என்றார். "இவ்வளவும் திண்டா ஏழு மூட்டை தாராளமா இழுக்கலாம் அழகர்."

பதினெட்டு வருடத்தில் வந்த கோபம் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. ஆனால் வாயில் பாண் இருந்தது. அழகர் அதை மென்று விழுங்கினார். அவசரப்படவில்லை. பாண் முழுவதையும் சாப்பிட்டார். பருப்புக் கிண்ணத்தை வழித்தார். முட்டையை உரித்து உப்புத் தொட்டுச் சாப்பிட்டார். ஒரு பழத்தைத் தின்றார், மற்றதைப் பழனியம்மாவுக்கென்று சட்டைப் பையில் வைத்தார். தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். பிறகு எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்து, ஏழாவது மூட்டையை முதுகில் வாங்கி, நாலு எட்டு நடந்து, ஹாஜியாரின் கதிரைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

"இந்தச் சாப்பாடு ஏழாவது மூட்டைக்கு இல்லீங்க ஹாஜியார்," என்றார். குரல் உயரவில்லை. "இத்தனை வருசமா என் ஒடம்பக் கரைச்சு ஊத்தித்தான் கரத்தைய ஓட்டியிருக்கேன். இது அதுக்கு. அது நெரம்பட்டும், அப்புறம் ஏழாவதப் பத்திப் பேசுவோம்."

ஹாஜியார் வாயைத் திறந்தார். டீசல் என்றோ பரகத் என்றோ சொல்ல வந்திருக்கலாம். அழகரின் இடுப்பில் பெல்ட்டின் நுனி நாலாவது ஓட்டைக்கு அங்கால் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அழகர் ஆறு மூட்டைக்குக் கயிறு போட்டு, கைப்பிடியைத் தூக்கி, ஜிந்துப்பிட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். ஏழாவது மூட்டை மத்தியானம் வரைக்கும் ஹாஜியாரின் கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தது.